அலகு

பதர்பூரில் வேலை கிடைத்த கையோடு
வெள்ளைச் சட்டை வாங்கிய ஒரே ஆள் நான்தான் என்று
குமுதவல்லி இன்றும் சொல்லிக்காட்டுவாள்.
மாலை ஆறுக்குள் கொடியிலிருந்து எடுக்காவிட்டால்
அது சாம்பல் நிறச் சட்டை.

இருபத்தாறு வருடம்.
மூன்றாவது அலகின் முட்களும் குமிழ்களும்
என் கைரேகையைவிட எனக்குப் பழக்கம்.
நிலக்கரி ரயில் தாமதித்தால் வயிறு கலங்கும்.
மழையில் ஊறி வந்த கரியை
ஓம்பீர் பதானா திட்டித் திட்டியே காயவைத்துவிடுவான்.
மே மாத இரவில்
தில்லி மொத்தமும் கூலரைப் போட்டுவிட்டுப் புரண்டு படுக்கும்போது
அதிர்வெண் முள் இம்மியளவு சரியும்.
அந்தச் சரிவில்
ஊர் மூச்சுவிடுவது எனக்குக் கேட்கும்.

பிறகு ஓர் அக்டோபர்.
காற்று கெட்டுவிட்டது என்றார்கள். உண்மைதான்.
என் மகனின் பள்ளிப்பையிலேயே இன்ஹேலர் இருந்தது,
யாரிடம் போய் வாதாட?
அணைப்பதொன்றும் பெரிய காரியமில்லை.
சுமையைக் குறை. மில்களை ஒவ்வொன்றாக நிறுத்து.
டர்பைன் ஓடி ஓயும்வரை உட்கார்ந்திரு.
உட்கார்ந்திருந்தோம்.
ஓம்பீர் ஒரு பிஸ்கட் பொட்டலம் பிரித்து வைத்தான்,
ஒருவரும் எடுக்கவில்லை.

விளக்கு அணையவில்லை.
அதுதான் எங்களை அடித்தது.
கட்டுப்பாட்டு அறையில், காலனியில், மதுரா சாலையில்
ஒரு குழல்விளக்குகூடக் கண் சிமிட்டவில்லை.
எங்கிருந்தோ வந்துகொண்டேயிருந்தது.

இப்போது மோலர்பந்தில் வீடு, மாடியில் எட்டுத் தகடு.
ஈரத்துணியால் துடைத்துவிட்டு
விரலை மூக்கருகே கொண்டுபோவாள் குமுதவல்லி.
சாம்பல் வழுக்கும். இது நறநறக்கிறது,
ராஜஸ்தான் புழுதி.
பகல் எங்களுடையது.
இரவுக்குக் கம்பிதான் கதி.
போன மாத ரசீதில் நூற்றுப் பதினெட்டு அலகு;
எந்த ஊரினுடையது என்று
ரசீதில் அச்சிடுவதில்லை.
சிங்ரவுலிக் கரியா,
இமயத்தில் எங்கோ மறித்த ஆறா,
பாலையில் விரித்த கண்ணாடியா,
கம்பிக்குள் எல்லாம் ஒரே நிறம்.

நேற்று மாலை மாடியில்
துணி மடித்துக்கொண்டே கேட்டாள்:
"இப்ப யார் வீட்டுக் கொடியில விழுது அது?"

பழைய சுவிட்ச்யார்டுப் பக்கம்
மின்சாரம் போகாத கோபுரத்தில் ஒரு பருந்து
கூடு கட்டிக்கொண்டிருந்தது.
அலகில் ஒரு துண்டுச் செப்புக் கம்பி,
வெயில் பட்டு மினுங்கியது.

மணி ஏழாகப் போகிறது.
சட்டையைக் கொடியிலிருந்து உருவி
இரண்டு தரம் ஓங்கி உதறினேன்.

ஒன்றும் விழவில்லை.