காரணம்: குடும்பச் சூழல்

டி.சி.யில் காரணத்துக்கென்று ஒரு கட்டம்,
ஒன்றரை அங்குலம் இருக்கும்.
எழுத்தர் பேனாவை உதறிவிட்டு என்னைப் பார்த்தார்.
எதைச் சொல்ல?
நாறும்பூ என்று பெயர் வைத்த பிள்ளை
மூக்கைப் பொத்துகிறவர்களுக்கு நடுவில்
இரண்டு வருசம் உட்கார்ந்திருந்ததையா?
ஆவுடைக்கு ஞாயிறு சாயங்காலமானால்
வந்துவிடும் தலைவலியையா?
அவரே எழுதிக்கொண்டார்: குடும்பச் சூழல்.
கட்டத்துக்குச் சரியாக இருந்தது.

ஜூனில் அம்பாசமுத்திரத்துத் தெருவெல்லாம் வேன் நின்றது.
சேர்மக்கனி எங்கள் வாசலில் மட்டும்
நிறுத்தாமல் ஒரு ஹாரன் அடித்துப் போனார்.
முதல் பாடவேளை என்று
பூஜை மணியை எடுத்து ஆட்டினேன்.
இரண்டும் கன்னத்தில் போட்டுக்கொண்டன.

ஃபிரிட்ஜில் ஒட்டிய கால அட்டவணை
ஆனிச் சாரல் காற்றில் பிய்ந்து பறந்து
எதிர்வீட்டு மாட்டுக்கு முன்னால் விழுந்தது.
அறிவியல் வரைக்கும் தின்றிருந்தது.
புதிதாக நான் எழுதவில்லை.

பாபநாசத்தில் ராத்திரி ஷிப்ட் முடித்து வரும் அவர்
பாதித் தூக்கத்தில் மீட்டர் பெட்டி முன்
இரண்டையும் நிறுத்திக் கழித்தல் சொல்லிக்கொடுத்தார்.
விடை தப்பானால் கரண்ட் பில் ஏறிவிடும் என்று
நாறும்பூ பயந்து பயந்து கடன் வாங்கிக் கழித்தான்.

கல்லிடைக்குறிச்சியில் ஒரு கல்யாணம்.
பந்தியில் பெரியப்பா கேட்டார், 'எத்தனாங் கிளாஸ்டி?'
'பின்னம் முடிச்சிட்டேன். இப்ப தசமத்துல இருக்கேன்.'
'தசமமா? அது எங்க இருக்கு, தென்காசிப் பக்கமா?'
என் இலையில் இருந்த அப்பளத்தை
நான் சத்தமில்லாமல் நொறுக்கிக்கொண்டிருந்தேன்.

கார்த்திகையில் மழை பிடித்தது.
'கலெக்டர் லீவு விட்டுட்டாராம். நமக்கும் உண்டாம்மா?'
அடுக்களையிலிருந்து பாடம் நடக்கும் பாய்க்கு எட்டடி.
அதில் எங்கே நனைய?
நமக்கு இல்லை என்றேன்.
அன்றைக்குத்தான் முதல்முறையாக
பள்ளிக்கூடம் வேண்டும் என்று அழுதான்.
மத்தியானம் குடையோடு பாலத்துக்குப் போனோம்.
ஆறு செம்மண் நிறத்தில் மரம் ஒன்றை இழுத்துப் போனது.
'படித்துறையில் பதினோரு படியைக் காணோம்'
என்று ஆவுடை நோட்டில் எழுதினாள்.
பாடம் நடந்துவிட்டதாக வைத்துக்கொண்டேன்.

தை பிறந்தது. ஏழாம் வாய்ப்பாடு பிறக்கவில்லை.
ஏழெட்டு எவ்வளவு என்பதில் நான்கு நாள்.
ஐந்தாம் நாள் ஸ்கேலை எடுத்தேன்.
அடிக்கவில்லை.
அதற்குள் அவன் கையை நீட்டியிருந்தான்,
பழகிய கை,
உள்ளங்கை மேலே பார்க்க, சரியான உயரத்தில்.

ஸ்கேல் பீரோ மேலே போனது.
மூன்று நாள் யாரும் எதுவும் படிக்கவில்லை.
டி.சி.யை எடுத்துப் பார்த்தேன்.
நீலமையில் குடும்பச் சூழல்.
சூழல் என்று என்னைத்தான் எழுதியிருக்கிறாரோ
என்றிருந்தது.

மாசியில் ஒருநாள் ஆவுடை
அகராதியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள்.
'லேய், நாறுதல்னா மணத்தல்னு போட்டிருக்கு!
அந்தக் காலத்துல உம்பேரு மணந்திருக்கும்லே.'
அவன் சிரிப்பான் என்று பார்த்திருந்தேன்.
'எந்த வருசம் மாறிச்சு?' என்றான்.
எனக்குத் தெரியவில்லை. அகராதியிலும் இல்லை.
கேள்வியை நோட்டில் எழுதி
கீழே அரைப் பக்கம் காலியாக விட்டிருக்கிறான்.

திரும்பவும் ஜூன்.
சேர்மக்கனியின் ஹாரன்.
பற்பசை நுரையோடு ஆவுடை கை காட்டினாள்.
'என் ஜன்னல் சீட்டுல யாரும்மா இருக்கா?'
நானும் எட்டிப் பார்த்தேன்.
வேன் மார்க்கெட் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது.
ஒரு முழங்கை மட்டும் தெரிந்தது.