இடுப்பளவு தண்ணி

எப்பிராயிம் ஐயாவுக்கு நீந்தத் தெரியாது.
ஈச்சிலம்பற்றில் எல்லாருக்கும் தெரியும் அது.
என்றாலும் இருபத்தாறு வருஷம்
வெருகலாற்றில் இடுப்பளவு தண்ணியில் நின்று
ஆளாளாய்ப் பிடித்து அமத்தினார்.
கரையில் மீன்கார லத்தீபு
தகரத்தைத் தட்டிக்கொண்டே நிற்பார்,
முதலைக்கு.

என் முறை வந்தபோது
வேட்டி உப்பி மிதந்தது.
"மூக்கைப் பொத்தடா" என்றார்.
பிதா, குமாரன் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

பிரசங்கம் பெரிதாய் ஒன்றுமில்லை.
நெல்லு லொறி போனால் நிறுத்துவார்,
விட்ட இடம் மறந்துபோகும்,
ஆமென் சொல்லி முடித்துவிடுவார்.
காணிக்கைத் தட்டில் ஒருமுறை
நாலு கத்தரிக்காய்.
இடம்பெயர்ந்தபோது
வேதப்புத்தகத்தை விட்டுவிட்டு ஓடிவந்தவர்
கூப்பன் மட்டைகளைத் தொலைக்கவில்லை,
எங்கள் எல்லாருடையதையும்.

சீனி வருத்தம். முதலில் விரல்,
பிறகு இடது கால்.
மூதூர் ஆஸ்பத்திரியில்
கார்த்திகை அடைமழைக்குள் முடிந்தார்.

வெட்ட வெட்டக் குழிக்குள் தண்ணி.
வாளியால் இறைத்தோம், ஊறியது.
இறக்கினால் பெட்டி மிதக்கிறது.
மகள் அங்கால் திரும்பிக்கொண்டாள்.
பெண்கள் பாட்டை நிறுத்தவில்லை,
கடைசிச் சரணம் முடிந்து மறுபடி முதலாவது.

நானும் லத்தீபின் மகனும் உள்ளே இறங்கினோம்.
இடுப்பளவு தண்ணி.
தலைமாட்டில் அவன், கால்மாட்டில் நான்.
கால் இல்லாத பக்கம்தான் கூட எழும்பியது.
இரண்டு கையாலும் அமத்தினேன்.

அவர் அமத்தினால்
மூன்று எண்ணுமுன் தூக்கிவிடுவார்.

"கையை எடு, மண் போடவேணும்"
மேலே ஆரோ கத்தினார்கள்.
நான் ஏழோ எட்டோ எண்ணியிருந்தேன்.