இறுக்கிப் பிடியுங்கள்

பிப்ரவரி. கிளாக்ஸ்விக் படகுத்துறை.
கயிற்றை வீசிவிட்டுத் திரும்பினேன்,
காலடியில் பனி கண்ணாடியாய் உறைந்திருந்தது.
விழுகிறவர்கள் யோசிப்பதில்லை;
கைதான் முந்திக்கொண்டு
உடம்புக்கு ஜாமீன் போடுகிறது.

ஆறு வாரம் மாவுக்கட்டு.
ஹனுஸின் மகள் அதன்மேல்
ஒரு பஃபின் பறவை வரைந்தாள், அலகு மட்டும் பச்சை.
பிரித்தபோது எலும்பு கூடிவிட்டது என்றார்கள்.
படத்தில் அந்த விரிசல்
ஈரவிரல் பட்ட பென்சில் கோடு.
"வேலைக்குப் போகலாம், ஸ்டெய்ன்வர்."

போனேன்.
கெட்டிலைத் தூக்க முடிந்தது,
சாய்க்க முடியவில்லை.
கதவுக் குமிழ், ஜாடி மூடி,
ஈரத்துணி பிழிவது,
நாற்காலியில் கையூன்றி எழுவது,
எல்லாவற்றுக்கும் மணிக்கட்டுக்குள் ஒரு 'டொக்'.
யாரோ கதவைத் தட்டுவதாக எண்ணி
நாய் வாசலுக்கு ஓடிற்று.

வீக்கம் இல்லை. தழும்பும் இல்லை.
கட்டு இருந்தவரை
எனக்குக் கதவு திறந்துவிட்டவர்கள்
இப்போது கயிறு நழுவினால்
கடலைப் பார்க்கிறார்கள்.
ஹனுஸ் ஒன்றும் சொல்லவில்லை.
வேலைப் பட்டியலில் என் பெயரைப்
பயணச்சீட்டுப் பக்கம் மாற்றி எழுதினான்.

மே மாதம், டோர்ஷவ்ன் மருத்துவமனை.
எக்ஸ்ரே எடுக்கிற ரூன்வா
கையை விரித்து வைத்து ஒன்று எடுத்தாள்.
குறை தெரியவில்லை.
பிறகு ஒரு பென்சிலைக் கொடுத்து
"இறுக்கிப் பிடியுங்கள்" என்றாள்.
பிடித்தேன்.

மணிக்கட்டில் எட்டுச் சிற்றெலும்புகளாம்.
ஒன்று படகு வடிவம், பக்கத்தில் ஒன்று பிறை.
இரண்டையும் கட்டியிருந்த நார்
அன்றைக்கே அறுந்திருக்கிறது.
எலும்பு முறிந்த சத்தத்தில்
அது யார் காதிலும் விழவில்லை.
சும்மா இருக்கையில் ஒட்டி நிற்கும்,
எதையாவது பிடிக்கச் சொன்னால் விலகும்.
படகுக்கும் பிறைக்கும் நடுவே ஒரு கறுப்பு,
பால்பல் விழுந்த பிள்ளை சிரித்தது போல.

"மூன்று மாதம் தாண்டிவிட்டது" என்றார் மருத்துவர்.
"நுனிகள் சுருங்கியிருக்கும்.
தையல் நிற்குமா என்பது
திறந்து பார்த்தால்தான் தெரியும்.
நின்றாலும் பழையபடி மடங்காது.
விட்டால், வருடங்கள் போகப் போக
எலும்பை எலும்பே தேய்க்கும்."

இருபத்தொரு வருடம் கயிறு பிடித்தவள் நான்.
அறுந்த முனைகளைப் புரிபுரியாய்ப் பிரித்துப் பின்னி
இணைத்த இடம் தெரியாமல் சேர்ப்பேன்.
பின்ன நீளம் இல்லையென்றால்
எந்தக் கையாலும் ஆகாது.
"எவ்வளவு இடைவெளி?" என்று கேட்டேன்.
படத்தில் அளந்தார்.
"ஐந்து மில்லிமீட்டர்."
கயிறென்றால் சிரித்திருப்பேன்.

வீட்டுக்குப் போகும் படகில் புதுப் பையன்.
துறை நெருங்க, வீசினான். எட்டவில்லை.
கயிறு நீரில் விழுந்தது. இழுத்து மறுபடி வீசினான்.
அதற்குள் நான் கரையில் குதித்திருந்தேன்.
வலது கை என்னைக் கேட்காமல் எழுந்து
பாதியில் நின்றது.
இடது கையால் பிடித்தேன்.
இடது கையால் போட்ட முடிச்சை
நீங்கள் பார்த்திருக்க வேண்டும், அவ்வளவு அசிங்கம்.

ஹனுஸ் குனிந்து
அதை ஒருமுறை இழுத்துப் பார்த்தான்.