ஏழாம் எண் கூடு

பகலில் நான் தோல் அளப்பவள்.
ராணிப்பேட்டையில், குரோமிய நெடிக்குள்.
ஒன்று புள்ளி இரண்டு மில்லிமீட்டர் என்று
இத்தாலிக்காரன் எழுதி அனுப்பினால்
ஒன்று புள்ளி மூன்று அவனுக்குத் தோல் இல்லை, மாடு.

அதே கண்ணைத்தான் இரவில்
பித்தளையின் கழுத்துக்கு வைக்கிறேன்.

சுட்டு முடித்த தோட்டாக் கூட்டுக்குக்
கழுத்து உண்டு, தோள் உண்டு, வாய் உண்டு.
அடியில் ஒரு குழி, குழிக்குள் ஓர் ஊசித்துளை.
தீ அந்த வழியாகத்தான் வீட்டுக்குள் வரும்.
வாசலில் ஆலை விட்டுவைத்த பிசிறு
வருகிற தீயைக் கோணலாக்கும்.
பிசிறைச் சுரண்டினேன். கரியைத் துடைத்தேன்.
நீண்டுபோன வாய்களைச் சீவி ஒரே மட்டமாக்கினேன்.
வாலாஜா நகைக்கடையில் கழித்துப்போட்ட தராசில்
ஒவ்வொன்றாக நிறுத்தேன்.
ஒரு குன்றிமணி கூடினால் அது வேறு சாதி,
தனி டப்பா.

பித்தளைக்கு ஒரு குணம்.
வெடிக்கையில் விரியும், அச்சில் குறுகும்,
விரிந்து, குறுகி, விரிந்து, குறுகி
ஒருநாள் முறுக்கிக்கொள்ளும்.
அதற்குப் பிறகு குண்டை லேசில் விடாது.
கழுத்துக்கு மட்டும் கொஞ்சம் தீ காட்டினால்
மறுபடி இளகும்.
பத்து மணிக்கு விளக்கணைத்துவிட்டு
நீலச் சுடரில் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்,
மூன்று வாரம்.

"கூட்டுல இன்னாமா கீது?
எல்லாம் கையிலதான் கீது" என்றார்
கிளப்பில் ஹவில்தார் தணிகாசலம்.
கார்கில் குளிரில் தேய்ந்த கை அவருடையது.
மறுத்துப் பேச முடியாது. சுட்டுக் காட்டலாம்.

பக்குவம் செய்தவை ஐந்து,
அப்படியே நிரப்பியவை ஐந்து.
எது எதுவென்று எனக்கே தெரியக் கூடாது.
கூட வேலை பார்க்கும் ரஹமதுன்னிசா
அடியில் எண் எழுதிக் கலைத்து,
பட்டியலைத் தன் கைப்பையில் பூட்டிக்கொண்டாள்.

அம்மூர்க் காட்டோரம், ஞாயிறு காலை ஏழரை.
அதற்குள் பாறை சுட ஆரம்பித்திருந்தது.
நூறு மீட்டர். பத்து முறை மூச்சை நிறுத்தினேன்.

காகிதம் வந்தது. பட்டியல் வந்தது.
பக்குவம் செய்யாத ஐந்தும்
ஒரு மசால்வடை அகலத்துக்குச் சிதறியிருந்தன.
செய்தவற்றில் நான்கு
பழைய ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கின.
ஐந்தாவது
வடைக்கும் வெளியே, மேலே, தனியாக.
ஏழாம் எண்.

தணிகாசலம் ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லியிருந்தால் பரவாயில்லை.

சுட்டது பத்து என்றால் கூடும் பத்து,
பதிவேட்டுக்கு அதுதான் கணக்கு.
ஒன்பதுதான் இருந்தது.
எழுத்தர் எத்திராஜ் பேனா மூடியைக் கழற்றவே இல்லை.
நாலு பேரும் குனிந்து தேடினோம்,
வேலிக்காத்தான் முள்ளில், எறும்புப் புற்றோரம்,
யாரோ எறிந்த பிஸ்கட் உறைக்கு அடியில்.
ரஹமதுன்னிசாவின் துப்பட்டாவைத்தான் முள் முதலில் கண்டுபிடித்தது.
அவிழ்க்கக் குனிந்தபோது
மஞ்சளாக ஒரு மினுக்கு.

அதுவும் ஏழுதான்.
கழுத்தில் ஒரு கோடு,
தலைமுடி விழுந்திருக்கிறது என்று நகத்தால் தட்டினேன்.
விழவில்லை.

அப்போதுதான் ஞாபகம் வந்தது.
ஆறு என்று எண்ணி இறக்கி வைத்தேன்.
காலிங்பெல்.
கேஸ் சிலிண்டர். சில்லறை முப்பது ரூபாய்க்குத் தகராறு.
திரும்பி வந்து சுடரைப் பற்றவைத்து
எட்டு என்று எடுத்தேன்.

"கைதான்யா" என்றேன் தணிகாசலத்திடம்.
"ஆனா இன்னைக்கு இல்ல, மூணு வாரத்துக்கு முன்னாடி."

அவர் கூடுகளை வரிசையாக வாங்கி
பேனா மூடியை ஊதுகிற பையனைப் போல
ஒவ்வொன்றாக உதட்டில் வைத்து ஊதினார்.
ஆறு விசிலடித்தது.
எட்டு, அதே சுருதியில்.
ஏழில்
வெறும் காற்று.

எத்திராஜ் எழுதினார்: பத்து.