மூன்றாம் பாத்தி

லாபிஸ் ரயிலடிக்குப் பின்னால்
கிழட்டுச் செம்பனைகளைச் சாய்த்த பன்னிரண்டாம் பிளாக்கில்
நாலு பாத்தி எங்களுக்கு.
முதல் பாத்திக்கு ஒன்றும் கிடையாது.
இரண்டாவதற்குப் பாக்டீரியா.
மூன்றாவதற்குப் பாறை பாஸ்பேட்.
நாலாவதற்கு இரண்டும்.
பலகையில் எண் எழுதியது நான்,
மழைக்கு அழியாது என்று
கடைக்காரன் சத்தியம் செய்த மையில்.

இதே சோயா
பசாரில் சியூ லெங் கைக்குப் போயிருந்தால்
மறுநாள் காலை பாலாகி நுரைத்திருக்கும்.
எங்கள் கைக்கு வந்தது.
சீனிப்பாகு தடவி
கரித்தூள் போன்ற ஒரு பொடியில் புரட்டினோம்.
பொட்டலத்தில் போட்டிருந்தது:
உயிருள்ளது, வெயில் ஆகாது.

வெயில் ஆகாத உயிரை
வாளியில் வைத்து, ஈரச்சாக்கு மூடி,
மோட்டார் சைக்கிளில் கொண்டுபோனேன்
பிள்ளைத்தாய்ச்சியை ஏற்றியவள்போல்
மேடு பள்ளம் பார்த்து.

இந்த மண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும்.
துவைத்தாலும் போகாத சிவப்பு.
இரும்பும் அலுமினியமும் சேர்ந்து நடத்தும் அடகுக்கடை.
போடுகிற பாஸ்பேட்டையெல்லாம் வாங்கி உள்ளே வைக்கும்,
ரசீது தராது.
வேர் போய்க் கேட்டால்
இருக்கிறது, ஆனால் இல்லை என்னும்.

முப்பத்தெட்டாம் நாள் தோண்டினோம்.
ரஃபிகுல் மண்வெட்டி, நான் வாளித் தண்ணீர்.

முதல் பாத்திச் செடி
வளர மறந்துபோய் நின்றது.

இரண்டாவதின் வேரில்
கடுகு கடுகாக முடிச்சுகள்.
நகத்தால் கிள்ளினேன், உள்ளே வெளுப்பு.
பெரட்டுக்கு வந்து பேர் கொடுத்துவிட்டு
பசியில் உட்கார்ந்துவிட்ட ஆட்கள்.
வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்ற
அந்த மண்ணில் பாஸ்பேட் இல்லை.

நாலாவதைப் பிடுங்க இரண்டு பேர் வேண்டியிருந்தது.
மிளகுப் பருமனில் கொத்துக்கொத்தாய்.
கிள்ளினால்
சிவப்பு.
இறைச்சிக்கடைச் சிவப்பு.
செடிக்குள் நம் ரத்தத்துக்கு
ஒன்றுவிட்ட தங்கை ஒருத்தி உண்டு என்று
எப்போதோ படித்திருக்கிறேன்.
பார்த்தது அன்றைக்குத்தான்.
காற்றைப் பிடித்து உரமாக்குகிறார்கள் அங்கே;
கூலி, இலை இறக்கி அனுப்பும் சர்க்கரை.

மூன்றாவதைக் கடைசிக்கு வைத்தேன்,
அங்கே பார்க்க என்ன இருக்கப்போகிறது என்று.
வேர் நீளம், முடிச்சு இல்லை,
இலை மஞ்சள்.
அப்படித்தான் இருந்தது,
முதல் வரிசையின் முதல் ஐந்து செடிகளைத் தவிர.

முதல் செடி கரும்பச்சை.
இரண்டாவது பச்சை.
மூன்றும் நாலும் கொஞ்சம் வெளிறி,
ஐந்தாவது அரை மனதாய்,
ஆறிலிருந்து மஞ்சள்.

முதல் செடியைத் தோண்டிக் கிள்ளினேன்.
சிவப்பு.

வேரைப் பார்த்தேன்,
பிறகு ரஃபிகுலின் விரல்களைப் பார்த்தேன்.
அவனும் பார்த்துக்கொண்டான்.
இரண்டாம் பாத்தியை விதைத்த கை,
கரிப்பொடி ஒட்டிய கை,
கழுவாமல் மூன்றாவதற்கு வந்திருக்கிறது.
ஒவ்வொரு விதையாய் ஊன்ற ஊன்ற
பொடி தேய்ந்து
ஆறாவது குழியில் கை சுத்தமாகியிருக்கிறது.

"நம்பர்படிதான் போட்டேன் அக்கா," என்றான்
தன் தமிழில்.
ஒன்று, இரண்டு, மூன்று, நாலு.
எண் எழுதியது நான்.
பொடி படாததையெல்லாம் முதலில் முடி என்று
ஒரு வார்த்தை சொல்லாததும் நான்.
மையோ, கடைக்காரன் சொன்னதுபோலவே,
அழியாமல் இருந்தது.

"அந்த ஐந்தையும் கழித்துவிடு," என்றார் புவான் அஸ்லினா
தொலைபேசியில், கோபமில்லாமல்.
கழித்தேன்.
குறிப்பு என்ற கட்டத்தில் மட்டும்
"கை" என்று எழுதினேன்.
விளக்கம் எழுத இடம் இருந்தது. எழுதவில்லை.

எழுபத்தைந்தாம் நாள்
கழித்துவிட்ட செடிகளில் மீதி நாலும்
காய் முற்றாமல் பச்சையாய்த் தொங்கின.
ரஃபிகுல் பறித்து, மில்க் டின்னில் உப்புப் போட்டு
வெட்டிய பனைமட்டையை எரித்து அவித்தான்.
பலகைக்குக் கீழே உட்கார்ந்து
எந்தக் கணக்கிலும் வராத பயற்றை
உரித்து உரித்துத் தின்றோம்.
உப்பு கொஞ்சம் கூடுதல்.
கையைக் கழுவினாயா என்று கேட்டேன்.
சிரித்து, டின்னை என் பக்கம் தள்ளினான்.