பகுதி ஆறு

மே இரண்டாம் தேதி, காலை ஆறே முக்கால்.
கோத்கா நகராட்சிக் கிடங்கில்
எனக்குக் கிடைத்தது ஆரஞ்சு மேலங்கி, எண் பதினான்கு.
போன வருஷம் இதைப் போட்டிருந்தவர்
பைக்குள் ஓர் இருமல் மிட்டாயை விட்டிருந்தார்.
பிரித்து வாயில் போட்டுக்கொண்டேன்.
வேலையில் சேர்ந்தாயிற்று.

காகித ஆலையில் பத்தொன்பது வருஷம்
எனக்கு வானிலை என்று ஒன்று கிடையாது.
ஆலையை மூடினார்கள்.
இப்போது நாற்பத்தெட்டு வயதில்
காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துத்தான்
குப்பைப் பையை விரிக்கிறேன்.

முதல் இரண்டு வாரம் கல்.
பனியில் யாரும் வழுக்கி விழாதிருக்க
பாதையெல்லாம் தூவிய பொடிக் கருங்கல்.
பனி வழிக்கும் வண்டி அதைப் புல்மேல் தள்ளிவிட்டுப் போகும்.
வாருகோலால் இழுத்து இழுத்துக் குவிக்க வேண்டும்.
தூவியவர்கள் நிரந்தரம்,
பொறுக்குகிறவர்கள் ஆறு மாதம் என்றேன்.
மேற்பார்வையாளர் கௌக்கோ சிரிக்கவில்லை.
ஏப்ரல் வரை தூவியவர் அவர்தான்.

கல்லோடு வந்தவை:
ஏழு கையுறை, ஏழும் இடதுகை.
ஒரு தபால்பெட்டிச் சாவி.
மேல்வரிசைப் பல்செட் ஒன்று.
தொலைத்தவர் கண்ணில் படட்டுமென்று
பல்செட்டை வேலிக் கம்பியில் மாட்டினான் யூசோ.
மூன்றாம் நாள் அது இல்லை.
கழுவியிருப்பார் என்று நம்புகிறோம்.

யூசோ தத்துவம் படிக்கிறான்.
புல்தடுக்கிப் பயில்வான் என்றால்
அவனைப் பார்த்துச் சொன்னதுதான்.
ஆனால் வெட்டும் எந்திரத்தில் ஏறி உட்கார்ந்தால்
கோடு இம்மி பிசகாது.

ஜூனில் இரவு வருவதில்லை.
வாத்துகள் வருகின்றன, வெள்ளை முகமும் கறுத்த கழுத்துமாக,
புல்லைத் தின்று
புல்மேலேயே கணக்குத் தீர்க்கின்றன.
அரைமணியில் ஏழு தடவை என்றான் யூசோ,
காப்பி இடைவேளை முழுக்க ஒன்றையே பார்த்திருந்துவிட்டு.

பம்பு வீட்டுக்குப் பக்கத்தில் ஒன்று அடைகாத்தது.
எந்திரம் நெருங்கியபோதும் எழவில்லை.
கழுத்தை மட்டும் தரையோடு தரையாக நீட்டி
என்னைப் பார்த்தது.
வளைத்து ஓட்டினேன்.
அன்று கௌக்கோவின் குறிப்பேட்டில்:
"பகுதி ஆறு. வெட்டாதது இரண்டு மீட்டர் வட்டம்.
காரணம், முட்டை."

நடுக்கோடைத் திருநாளுக்கு மறுநாள்
புல்லில் தூங்கிய ஒருவரைச் சுற்றியும்
அப்படியே வளைத்தேன்.
அதற்கு அவர் காரணம் எழுதவில்லை.

ஜூலையைப் பற்றிச் சொல்ல எதுவுமில்லை.
வெட்டினோம். வளர்ந்தது.

ஆகஸ்டில் யூசோ படிக்கப் போய்விட்டான்.
இருக்கைகளுக்கு நான் ஒருத்தியே பச்சை அடித்தேன்.
"ஈரம்" என்று எழுதி ஒட்டிய பலகையைப் படித்துவிட்டு
விரலால் தொட்டுப் பார்க்காமல் போனவர்
ஒருவர்கூட இல்லை.

அக்டோபரில் துலிப் கிழங்கு, இரண்டாயிரத்து நானூறு.
குழிக்குப் பதினைந்து சென்டிமீட்டர்.
சிவப்பு எங்கே, மஞ்சள் எங்கே என்று
வரைபடத்தில் புள்ளி புள்ளியாக இருக்கிறது.
அவை பூக்கும்போது நான் எங்கே என்பதற்குப்
புள்ளி இல்லை.

கடைசி நாள் பெட்டியின் அடியில் பதினொன்று மிஞ்சியது.
திருப்பிக் கொடுக்க வேண்டும்.
கொடுக்கவில்லை.
பகுதி ஆறில், வாத்து போய்விட்ட இடத்தில்,
மற்றப் புல்லைப் போலவே ஆகிவிட்ட புல்லைப் பிளந்து
பதினொன்றையும் வட்டமாக இறக்கி
மிதித்து மூடினேன்.
வருகிற மே மாதம்
எந்திரத்தில் யார் உட்கார்ந்திருந்தாலும்
அங்கே வளைத்தே ஆக வேண்டும்.
கௌக்கோ என்ன காரணம் எழுதுவாரோ.

மேலங்கியைத் துவைத்துக் கொடுத்தேன்.
பையில் எதையாவது விட நினைத்திருந்தேன்,
மறந்துவிட்டது.

ஜனவரி. மூன்று மணிக்கே இருட்டு.
வேலைவாய்ப்பு அலுவலகத்திலிருந்து
பூங்கா வழியாக வீட்டுக்கு நடக்கிறேன்.
பாதை முழுக்கக் கண்ணாடிபோல் உறைந்து கிடக்கிறது.
பம்பு வீட்டுத் திருப்பத்தில்
கால் பிடிமானம் கொள்கிறது.
தூவியிருக்கிறார்கள்.
தாராளமாக, புல்லோரம்வரை,
இரண்டு வாரத்துக்கு வாரும் அளவுக்கு.

நறநறவென்று மிதித்துக்கொண்டே போகிறேன்.