'ஆ' அட்டவணை, பதினேழாவது இனம்

செவ்வாய்ப்பேட்டை வீட்டுக்குள் நுழையும்போது
மணி பதினொன்றே கால்.
எதிர்ப் பட்டறையில் கொலுசுக்கு வெள்ளி தட்டும் சத்தம்.
கோர்ட் அனுப்பிய கமிஷனர் நான். கையில் அட்டை, பேனா.
டேப்பின் மறுமுனையில் அமீன் ஞானசிகாமணி.

பீரோ எளிது. அண்டா எளிது.
ஊஞ்சல் பலகை ஒன்று, சங்கிலி நான்கு.
பிறகு வாசற்கதவு.

உயரம் ஏழடி இரண்டங்குலம். வேங்கை.
சேர்வராயன் மலையிலிருந்து வண்டியில் இறங்கிய மரம்
என்றார் வாதி சென்னகேசவலு.
அதை எழுதக் கட்டம் இல்லை.
ஓரத்தில் யாளிகள் ஆறு. ஒன்றுக்குப் பல் போய்விட்டது,
யாரோ தினமும் சைக்கிள் சாய்த்து.
மேல்நிலையில் கஜலட்சுமி, யானை இரண்டு.
ஆளுக்கொன்று என்றாலும்
நடுவில் உட்கார்ந்திருப்பவளை எங்கே அறுப்பது?
அமீன் இருமினார்.

இடப்பலகையில் ஒரு கிளி,
குண்டு மாங்காய்க்குள் அலகை இறக்கியிருக்கிறது.
வலப்பலகைக் கிளிக்கும் ஒரு மாங்காய், கீறல் படாதது.
பார்த்துக்கொண்டே இருக்கிறது.
செதுக்கியவனுக்கு அன்றைக்கு என்ன அவசரமோ,
என்ன குறும்போ.

"எண்பது வருஷமா அவன் கிளி தின்னுது,
என்னுது பார்க்குது" என்றார் பிரதிவாதி பாண்டுரங்கம்.
"முழுசு உனக்கு, எச்சில் எனக்கா?"
அண்ணனுக்கு மூச்சு வாங்கியது.
இருவரும் அறுபதைத் தாண்டியவர்கள்.
நான் சிரிக்கக் கூடாது. அட்டைக்குள் குனிந்துகொண்டேன்.

சாத்திக் காட்டுங்கள் என்றேன், அளவுக்காகத்தான்.
கீல் முனகியது.
பலகைகள் சேர்ந்த இடத்தில்
இடப்பக்கக் கொடி நடுச்சட்டத்துக்கு அடியில் நுழைந்து
வலப்பக்கம் ஓர் இலையோடு வெளியே வந்தது.
இரண்டு மாங்காய்க்கும் காம்பு ஒன்று.
பகலெல்லாம் திறந்து கிடக்கும் கதவு,
சாத்தும் நேரம் தெரு இருட்டிவிடும்.
யார் பார்த்திருப்பார்கள்?

இனம்: கதவு. எண்ணிக்கை: ஒன்று.
மதிப்பு என்ற கட்டத்தில் பேனா நின்றுவிட்டது.
அமீன் டேப்பைச் சுருட்டினார்,
அது பல்லியைப்போல் உள்ளே ஓடியது.

அடுத்த வாய்தாவில் என் அறிக்கைக்கு ஆட்சேபணை.
'கதவு இரண்டு' எனத் திருத்தக் கோரி.
பன்னிரண்டு வருட வழக்கில்
இருவரும் சேர்ந்து போட்ட மனு அது ஒன்றுதான்.
ஒரே தாள்,
கீழே இரண்டு கையெழுத்து,
இரண்டும் அதே பச்சை மை.